வாசிப்பக்கா எடுத்துக் கொடுத்த வசனம்

அச்சகத்தில் அவளுக்கு வாசிப்பக்கா என்று பெயர். கையெழுத்துப் பிரதியை ஒருவர் உரக்க வாசிப்பார். எதிரே இருப்பவர் அச்சான தாளில் பேனாவை ஓட்டிப் பிழை பார்ப்பார். அந்த உரக்க வாசிக்கிற வேலை அவளுடையது. திருமண அழைப்பு, இரங்கல் செய்தி, சட்டப் புத்தகம், சோப்பு விளம்பரம், எதுவானாலும் ஒரே குரல்தான். "ஆறாத் துயரத்தில் ஆழ்ந்திருக்கும் குடும்பத்தார் முற்றுப்புள்ளி அடுத்த பத்தி" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொடர்கதையை உருகி உருகி வாசித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிழை பார்க்கிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீ நடிச்சா நான் கதை கேட்க உட்கார்ந்துடுவேன். கதை கேட்டா பிழை கண்ணுல படாது. மனசைச் செருப்போட சேர்த்து வெளிய விட்டுட்டு வாம்மா" என்றார். அவளும் அப்படியே விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாளா என்றால், அதுதான் சந்தேகம்.

அவள் புருஷன் பஸ் பணிமனையில் ஸ்டோர்கீப்பர். ஸ்டோர்க்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், சாவிக்கொத்து இடுப்பில். தேய்ந்த பழைய நட்டைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புது நட்டு கொடுப்பார். "வழியில எங்கயோ விழுந்துடுச்சு சார்" என்று தலையைச் சொறிந்தால், "விழுந்த இடத்துல போய்த் தேடு" என்பார். மேலதிகாரிகளுக்கு அவர்மேல் ஏகப்பட்ட மதிப்பு. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவரிடம் கை துடைக்க ஒரு துண்டு பனியன் வேஸ்ட் வாங்க முடியாது என்று மெக்கானிக்குகள் புலம்பினார்கள்.

வீட்டிலும் அதே கம்பி வலைதான், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் வித்தியாசம். குளியலறைச் சோப்பு நகத்தளவு தேய்ந்தால்தான் அடுத்த சோப்பு வெளியே வரும். இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் ஒரு விளக்கு. சிரிப்பு, பாராட்டு, தலையைத் தடவிக் கொடுப்பது இதெல்லாம் ஸ்டாக்கிலேயே இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை, வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. அதனால் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது? வாசிப்பக்கா முறையிடவில்லை.

பணிமனைத் தொழிலாளர் மன்றம் வருடக் கடைசி விடுமுறையில் ஒரு நாடகம் போடும். எப்போதும் ஒரே நாடகம். எந்த தேசத்திலோ யாரோ சொன்ன பேய்க்கதையை மன்றத்தின் பழைய செயலாளர் தன் இஷ்டத்துக்கு வளைத்து எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கதை இதுதான். கிடங்கு முதலாளி ஒருவன், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருக்கும் தன் குமாஸ்தா குடும்பத்தை, வருடத்தின் கடைசி நாளில், "இங்க இடமில்லை" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அன்று ராத்திரி செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவனை உலுக்குகிறார்கள். விடிந்ததும் மனம் மாறி, அந்தக் குடும்பம் ஒண்டியிருக்கும் குடிசைக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கிறான். கதவு திறக்கிறது. எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

முதலாளி வேஷத்துக்கு ஸ்டோர்க்காரரைப் பிடித்துப் போட்டது முதலில் கிண்டலுக்குத்தான். நாடகத்தை நடத்துகிற வெல்டர், "நடிக்க வேண்டிய அவசியமே இல்லை சார், சும்மா வந்து நில்லுங்க" என்றாராம். அவரும் வந்து நின்றார். முதல் காட்சியில் அவர் "இடமில்லை" என்று சொன்ன அழகில் கூடமே குலுங்கியது. ஆனால் கடைசிக் காட்சியில் அந்த மனுஷன் குரல் உடைந்து மன்னிப்புக் கேட்டபோது, நட்டுக்கு அலைந்த மெக்கானிக்குகள்கூட மூக்கைச் சிந்தினார்கள். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று யாருக்கும் புரியவில்லை. வேஷம் அவருக்கே என்று ஆகிவிட்டது.

வசனத்தை அவருக்கு வீட்டில் வாசித்துக் காட்டியவள் அவள்தான். மன்றத்தில் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு வருடம் இருமல் வந்து, வசனத்தைவிட இருமல்தான் கூடத்தில் அதிகம் கேட்டது. அடுத்த வருடம் முதல் அந்த வேலையும் அவளுக்கே வந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவர் காது மடலைத் தொட்டால் வசனம் மறந்துவிட்டது என்று அர்த்தம். வரியின் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பாள், மீதியை அவர் பிடித்துக்கொள்வார். எடுத்துக் கொடுக்கிறவர் நடிக்கக் கூடாது. தட்டையாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது சொல்லித்தர வேண்டிய பாடமா?

கடைசிக் காட்சியில் மட்டும் அவர் காதைத் தொடாவிட்டாலும் "மன்னிச்சிடு" என்ற சொல்லை அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஒரு நொடி கழித்து அதே சொல் அவர் வாயிலிருந்து பெரிய குரலில் வரும். அது குமாஸ்தா பெண்டாட்டிக்குச் சொன்னது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும், வருடம் முழுக்க அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தாள். நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதே மனுஷன், "மின்விசிறியை ஏன் இவ்வளவு வேகமா வச்சிருக்கே?" என்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணம் ஆகி, போன இடத்தில் அடி தாங்காமல், கைக்குழந்தையோடும் ஒரு துணிப்பையோடும் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். ஸ்டோர்க்காரர் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஓரடி திறந்தார். "கட்டிக் கொடுத்தாச்சு. இங்க இடமில்லை" என்றார். மேடையில் சொல்கிற அதே சொல், அதே ஏற்ற இறக்கம். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த வாசிப்பக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்தப்பட்டது. அன்றிலிருந்து அந்தச் சாயங்காலத்துக் கதையை மனதுக்குள் வாசிக்கும்போதெல்லாம், "அவர் சாத்திட்டார்" என்றுதான் வாசிப்பக்கா வாசிப்பாள்.

மகள் வேறொரு ஊரில் ரெடிமேட் சட்டைத் தொழிற்சாலையில் காஜா மிஷினில் உட்கார்ந்தாள். பட்டன் துளைகளைத் தைத்தே பிள்ளையை வளர்த்தாள். வாசிப்பக்கா சாப்பாட்டு வேளையில் அச்சகத்துத் தொலைபேசியிலிருந்து அவளோடு பேசுவாள். "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." "பையன் படிக்கிறானா?" "படிக்கிறான்." பேச்சு அதற்கு மேல் நகராது. ஒருமுறைகூட மகள் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். தாய்மார்களுக்கு இப்படி நினைத்துக்கொள்கிற வசதி நிறையவே உண்டு.

ஸ்டோர்க்காரர் ஓய்வு பெற்ற பிறகும் வேஷம் அவரிடமே இருந்தது. அப்புறம் மறதி வந்தது. முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினார். பிறகு சாவி எதற்கு என்று கேட்டார். குளிக்கப் போனவர் குளியலறை வாசலில், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, மூளை சுருங்கிக்கொண்டே போகிறது, நிறுத்த மருந்தில்லை என்றார். வாசிப்பக்கா அதையும் பிழை பார்க்கிற புரூஃப் போலக் கேட்டுக்கொண்டு, "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று மட்டும் விசாரித்தாள்.

ஒத்திகைக்காக வீட்டில் வசனத்தை எடுத்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. முதல் காட்சி முழுக்க அவருக்கு அட்சரம் பிசகாமல் இருந்தது. திட்டு, மறுப்பு, ஏளனம், "இடமில்லை", எல்லாம் அப்படியே. கடைசிக் காட்சி அடியோடு போய்விட்டது. "மன்னிச்சிடு" என்று அவள் எடுத்துக் கொடுத்தால் அந்நிய பாஷையைக் கேட்ட மாதிரி விழித்தார். அவளுக்குக் காரணம் விளங்கிவிட்டது. முதல் காட்சி வசனங்களை அவர் வீட்டில் தினமும் ஏதோ ஒரு வடிவத்தில் பேசிக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியை வருடத்துக்கு ஒரு தடவைதான் வெளியே எடுத்தார். புழங்காதது முதலில் போயிற்று.

அப்போதுதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. மகள் இந்த மனுஷனின் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஒரு தடவை கேட்க வேண்டும். அடுத்த வருடம் இவர் இவராகவே இருக்கப்போவதில்லை. இந்த வருடம்தான், இந்த ஒரு மேடைதான். அது நடக்காவிட்டால் சாகிறவரைக்கும் மகள் காதில் "இடமில்லை" மட்டும்தான் இருக்கும்.

தொலைபேசியில் கேட்டாள். "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு. ஒரு தடவை வந்து பாரேன்."

"அந்த வாசல்ல நான் மறுபடியும் வந்து நிக்க மாட்டேன்மா."

"வீட்டுக்கு வேண்டாம். நாடகத்துக்கு வா. முன்னாடி உட்கார்ந்து பார்த்துட்டுப் போயிடு. உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

மறுமுனையில் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "லீவு கிடைச்சா வர்றேன்" என்றாள் மகள். அவள் பேச்சில் "வர்றேன்" என்ற சொல் வந்ததே பெரிய விஷயம்.

அடுத்தது வெல்டர். ஒத்திகையில் ஸ்டோர்க்காரர் கடைசிக் காட்சியில் மரமாக நின்றதைப் பார்த்துவிட்டு அவர் வாசிப்பக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இந்த வருஷம் டயர் செக்‌ஷன் ஆளைப் போட்டுடலாமா? அண்ணனைக் கௌரவமா முன்வரிசையில உட்கார வச்சு ஒரு சால்வை போத்திடுவோம்."

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு, அவ்வளவுதான்."

"தொண்டை கட்டினா குரல் வராது அண்ணி. இங்க வசனமே வரலை."

வெல்டரிடம் பூசி மெழுகிப் பயனில்லை என்று தெரிந்தது. "நான் முழு வரியையும் எடுத்துக் கொடுக்கிறேன். அவர் சொல்லிடுவார். இந்த ஒரு வருஷம். அப்புறம் நானே உங்ககிட்ட வந்து வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றாள். கெஞ்சுகிறபோதும் அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வெல்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு அம்மா இருந்து, கடைசியில் மகன் பெயரை மறந்துதான் செத்துப்போனாள். சரி என்றார்.

ஸ்டோர்க்காரருக்குக் காதும் மந்தம். பக்கத் திரையிலிருந்து சொன்னால் எட்டாது. அதனால் குடிசைக் கதவை மேடையின் முன் விளிம்புக்கு, இடது ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். அட்டையும் மரச்சட்டமும் சேர்த்துச் செய்த கதவு அது. அதன் பின்னால் அவள் முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். குமாஸ்தா பெண்டாட்டியாக நடிக்கிற பெண் கண்டக்டர் பக்கத்தில் நின்றுகொள்வாள். கதவு மூடியிருக்கும்போதே மன்னிப்பு வசனம் முடிந்துவிடும், பிறகுதான் திறக்க வேண்டும். ஏற்பாடு கச்சிதமாக இருந்தது.

நாடகத்துக்கு முந்தின நாள் மகளுக்கு இடம் பிடித்தாள். அப்பா கடைசிக் காட்சியில் இடது ஓரம் நிற்பார், முகம் நன்றாகத் தெரிய வேண்டும். முன்வரிசையில் இடது கோடி நாற்காலியில் கைக்குட்டையைக் கட்டி வைத்துவிட்டு, மகளுக்குத் தொலைபேசியில் அடையாளம் சொன்னாள். கதவை நகர்த்தியது, நாற்காலி பிடித்தது, இரண்டும் நல்ல மனதோடு செய்த காரியம். அச்சகத்தில் அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிக்கவே ஆயுளைக் கொடுத்தவள், தான் செய்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நாடகத்தன்று கூடம் நிரம்பியிருந்தது. திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். கோடி நாற்காலி காலியாக இருந்தது. மணி அடித்தபோது ஒருத்தி வேகமாக வந்து கைக்குட்டையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முடி நரைத்து, கன்னம் ஒட்டி, தோள்கள் முன்னால் வளைந்து இருந்தன. மிஷினில் குனிந்தே வந்த வளைவு. தன் பெண்ணா அவள் என்று வாசிப்பக்காவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

முதல் காட்சியில் ஸ்டோர்க்காரர் வெளுத்து வாங்கினார். டயர் செக்‌ஷன் ஆள் குமாஸ்தாவாகக் காலில் விழ, "இடமில்லை!" என்று அவர் கதவை அறைந்தபோது கூடம் ஆரவாரித்தது. முன்வரிசையின் கோடியில் ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை.

பேய்க் காட்சிகளில்தான் கதை மாறியது. வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வந்த ஆள் முதலாளியின் செத்துப்போன கூட்டாளியாக நடிக்கிறான் என்பது ஸ்டோர்க்காரருக்கு மறந்துவிட்டது. நிஜமாகவே பயந்தார். மேசைக்குக் கீழே போய் ஒடுங்கிக்கொண்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க, அம்மா" என்று சின்னப் பிள்ளையைப் போல அழுதார். வசனத்தில் இல்லாத அழுகை. வெள்ளைத் துணிக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணிக்குள்ளிருந்தே, "சார், நான்தான் சார், ஒண்ணுமில்லை சார்" என்று கிசுகிசுத்தான். கூடமோ இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை என்று எழுந்து நின்று கை தட்டியது. பக்கத் திரைக்குப் பின்னால் வாசிப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைதட்டலை அவள் வெறுத்தாள். ஆனாலும் நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு காட்சி.

விளக்கு அணைந்து எரிந்தது. யாரோ தள்ளிவிட ஸ்டோர்க்காரர் குடிசைக் கதவின் முன்னால் வந்து நின்றார். கதவுக்குப் பின்னால் வாசிப்பக்கா முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சு வாங்குவதுகூட அவளுக்குக் கேட்டது.

"யாரது?" என்றாள் கண்டக்டர், வசனப்படி.

வாசிப்பக்கா தட்டையாக எடுத்துக் கொடுத்தாள். "துரத்தினவன் வந்து நிக்கிறேன்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கதவு ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். அவருக்கு எது நினைவுக்கு வந்ததோ, குரலை உயர்த்தித் தெளிவாகச் சொன்னார்: "இங்க இடமில்லை."

கூடத்தில் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். இதைக் கேட்கவா வாசிப்பக்கா அத்தனை தூரத்திலிருந்து மகளை வரவழைத்தாள்? இப்படியே விட்டால் எல்லாம் போயிற்று. கையிலிருந்த பிரதியில் இதற்கு வசனம் இல்லை. முதல் தடவையாக அவள் பிரதியை மடியில் கவிழ்த்தாள்.

"அப்படித்தான் அன்னிக்குச் சொன்னேன்" என்றாள்.

"அப்படித்தான் அன்னிக்குச் சொன்னேன்" என்றார் அவர்.

சிரிப்பு அடங்கியது. கண்டக்டர் திடுக்கிட்டு அவளைக் குனிந்து பார்த்தாள். வாசிப்பக்கா கதவில் வாயை வைத்துப் பேசினாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே பேசினாள்.

"நீ பிள்ளையோட வந்து நின்னே."

"நீ பிள்ளையோட வந்து நின்னே."

"நான் சங்கிலியைக்கூடக் கழட்டலை. உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லலை. பெத்தவன் செய்யற காரியமா அது?"

அவர் ஒவ்வொன்றையும் வாங்கிச் சொன்னார். அவள் குரல் நடுங்கியபோது அவர் குரலும் நடுங்கியது. அவள் விம்மலை விழுங்கிய இடத்தில் அவரும் நிறுத்தினார். இத்தனை காலம் செருப்போடு வெளியே விட்டிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடும்மா" என்று அவள் அழுதாள். "என்னை மன்னிச்சிடும்மா" என்று அவர் மேடையில் அழுதார்.

அழுது முடித்ததும் ஸ்டோர்க்காரர் கதவுக்கு அருகே குனிந்து, கம்பீரமாக, "அப்புறம்?" என்று கேட்டார்.

கண்டக்டர் கெட்டிக்காரி. நெரிசலில் பஸ்ஸைச் சமாளிக்கிறவளுக்கு இது ஒரு பொருட்டா? கதவை விரியத் திறந்து, "அப்புறம் என்னங்க, உள்ள வாங்க!" என்றாள். கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். திரை விழுந்தது.

ஒப்பனை அறையில் ஆளாளுக்கு ஸ்டோர்க்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "புது வசனம் பிரமாதம் அண்ணி, சொல்லவே இல்லையே!" என்றார் வெல்டர். வாசிப்பக்கா காதில் எதுவும் ஏறவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கொஞ்சம் விலகியபோது மகள் உள்ளே வந்தாள். அப்பாவின் நாற்காலி முன்னால் நின்றாள். முகமெல்லாம் பவுடரும் மையும் வழிந்து கிடந்த அவர் மரியாதையாக நிமிர்ந்து பார்த்து, "வாங்க, யாரைப் பார்க்கணும்?" என்றார்.

மகள் அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்தாள்.

"கேட்டியா?" என்றாள் வாசிப்பக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்பா எப்படிக் கேட்டார், பார்த்தியா? உள்ள இவ்வளவு வச்சிருந்திருக்கார்டி."

"முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன்மா."

"அதான், முகம் நல்லாத் தெரியட்டும்னுதான்..."

"கதவு எனக்குக் கையெட்டுற தூரத்துல இருந்துச்சு. ஒவ்வொரு வரியும் ரெண்டு தடவை கேட்டுச்சு. முதல்ல நீ சொன்னே. அப்புறம் அவர் சொன்னார்."

வாசிப்பக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் யாரோ சாமான்களைப் பெட்டியில் எறிந்துகொண்டிருந்தார்கள்.

"அதுக்குக் கோபமில்லை" என்றாள் மகள். குரல் அம்மாவின் குரலைப் போலவே தட்டையாக இருந்தது. "அவருக்கு நான் யாருன்னே தெரியலை. தெரிஞ்சப்பவும் கேட்டிருக்க மாட்டார். அது எனக்குப் பழகிடுச்சு. நான் கேட்க நினைச்சது வேற. இன்னிக்கு அவருக்கு இவ்வளவு எடுத்துக் கொடுத்தியே. அன்னிக்கு அவர் முதுகுக்குப் பின்னாடிதானே நின்னே? 'உள்ள வா'ன்னு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாமே?"

வாசிப்பக்கா வாயைத் திறந்தாள். அந்தச் சாயங்காலத்துக் கதையில் அவளுக்கென்று ஒரு வரி இருக்க வேண்டும் என்பதே அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. அவர் சாத்தினார், அவள் பின்னால் நின்றாள். நிற்பது ஒரு குற்றமா என்று கேட்க நினைத்தாள், மகளின் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

"பயந்துட்டேன்" என்றாள்.

"அப்பாவுக்கா?"

"இல்லை. நான் பேசியிருந்தா, நீயும் போன்னு என்னையும் வெளிய அனுப்பியிருப்பார். உன்கூட வந்து எங்கே நிக்கிறதுன்னு பயந்தேன். எனக்கு அந்த வீடு வேணும்னு இருந்துச்சு."

மகள் தலையை ஆட்டினாள். இந்தப் பதில் அவளுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்திருந்தது, அம்மா வாயிலிருந்து வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"என்னை மன்னிச்சிடுடி."

"நாடகத்துலன்னா கதவைத் திறந்துடலாம்" என்றாள் மகள். "எனக்கு அவ்வளவு சீக்கிரம் வரலைம்மா. வரும்போது சொல்றேன். வராமலேயும் போகலாம்." கைக்குட்டையை மடித்து அம்மாவின் கையில் வைத்தாள். "பஸ் போயிடும். பையன் தனியா இருப்பான்."

போய்விட்டாள். வாசிப்பக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? எண்ணெயையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு புருஷனின் முகத்தைத் துடைக்க உட்கார்ந்தாள். ஒப்பனை வழிந்து, அடியிலிருந்த சுருக்கங்கள் வெளியே வந்தன. குழந்தையைப் போலக் கண்ணை மூடிக் காட்டினார்.

"நான் நல்லாப் பண்ணினேனா?"

"நல்லாப் பண்ணினீங்க."

"அழுதேனே. யார்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்?"

"நம்ம பொண்ணுகிட்ட."

"ஏன்? நான் என்ன பண்ணினேன் அவளை?"

பஞ்சு அவள் கையில் நின்றது. 'அவர் சாத்திட்டார்' என்று வாய் வரைக்கும் வந்த பழைய வரியை விழுங்கினாள்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவளை வெளிய நிக்க வச்சோம்" என்றாள்.

அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவளை வெளிய நிக்க வச்சோம்."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணே, நாடகம் முடிஞ்சு போச்சு அண்ணே" என்று வெல்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னார். வாசிப்பக்கா அவரை அடக்கவில்லை.